கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் காட்டுயிர் காண: நீரைப் பார்த்து இடம் குறிக்கும் முறை

கடலூரிலோ புதுச்சேரியிலோ இருந்துகொண்டு காட்டுயிர்களைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவரை முதுமலைக்கோ டாப்சிலிப்புக்கோ அனுப்பிவைப்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. யானையும் புலியும் இங்கே இல்லை என்பது உண்மைதான். ஆனால், வடக்கே மரக்காணத்துக் கழுவெளியில் தொடங்கித் தெற்கே கொள்ளிடம் கடலோடு சேரும் இடம் வரையிலான ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் கடற்கரையையும், உள்ளே பண்ருட்டி, நெய்வேலி வரை விரியும் செம்மண் மேட்டையும் சேர்த்துப் பார்த்தால், மணற்கரை, கழிமுகம், அலையாத்திக் காடு, உவர்நீர்ப் பரப்பு, நன்னீர் ஏரி, நெல்வயல், கோயில் காடு, முட்புதர் என ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை போலத் தோன்றும் வாழிடங்கள் பேருந்தில் போய்வரும் தொலைவுக்குள்ளேயே அடுத்தடுத்து அமைந்திருப்பது தெரியும்.

இவற்றில் எதுவும் பெரும்பரப்பு அன்று. ஒவ்வொன்றும் மெல்லிய பட்டையாகவே எஞ்சியிருப்பதால் உயிரினங்கள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன. சென்ற மாதம் ஆயிரம் பறவைகள் இருந்த ஏரியில் இந்த மாதம் நான்கு கொக்குகள் மட்டும் நிற்பதைப் பார்த்துப் பலர் மனம் சலித்துவிடுகிறார்கள். அவர்கள் இடத்தை மட்டும் விசாரித்துவிட்டுக் கிளம்பியிருப்பார்கள். நீர் எந்த நிலையில் இருக்கிறது என்று விசாரித்திருக்க மாட்டார்கள். இந்த வட்டாரத்தில் எங்கே எது தென்படும் என்பதை மழையும் ஏரிமட்டமும் கடலின் ஏற்றவற்றமுமே பெரும்பாலும் முடிவு செய்கின்றன.

ஏரிகள்: கால் நீளமும் நீர் ஆழமும்

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் நடுவில் தொடங்கி டிசம்பர் வரை பெய்கிறது. ஏரி நிரம்பிய செய்தியைக் கேட்டதும் பறவை பார்க்கக் கிளம்புவதே பொதுவான பழக்கம். அந்த வேளையில் கரையோரம் வரை நீர் ஆழமாக நிற்பதால், நடந்து இரை தேடும் பறவைகளுக்கு அங்கே நிற்கவே இடமிருக்காது. நாமக்கோழி, முக்குளிப்பான், நீர்க்காகம், பாம்புத்தாரா போன்று நீந்தியும் மூழ்கியும் வாழ்பவற்றைத்தான் அப்போது பார்க்க முடியும். அவையும் நடு ஏரியில் புள்ளிகளாகத் தெரியும்.

ஜனவரிக்குப் பிறகு நீர் இறங்க இறங்கக் காட்சி மாறும். கரையோரச் சேறு வெளிப்படும்போது உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் வரும். கணுக்கால் அளவு நீரில் நெடுங்கால் உள்ளான் நிற்கும். முழங்கால் அளவு நீரில் மஞ்சள்மூக்கு நாரையும் கரண்டிவாயனும் அலகை நீருக்குள் விட்டுத் துழாவும். நத்தைகள் வெளிப்பட்டுவிட்டால் நத்தைகுத்தி நாரைகள் கூட்டமாக இறங்கிவிடும். மீன்கள் சுருங்கிய நீரில் அடைபடும்போது கூழைக்கடாக்கள் வரிசை கட்டி அவற்றை ஒரு பக்கமாக ஓட்டிப் பிடிப்பதைப் பார்க்கலாம். எனவே ஓர் ஏரியை ஒரே முறை பார்த்து மதிப்பிடாமல், நிரம்பியபோது ஒரு தடவையும், பாதியானபோது ஒரு தடவையும், அடிச்சேறு தெரியும்போது ஒரு தடவையும் பார்ப்பதே சரியான முறை.

தொடங்குவதற்கு ஊசுட்டேரி ஏற்றது. புதுச்சேரிக்கும் தமிழ்நாட்டுக்கும் பொதுவான இந்த ஏரியின் தத்தம் பகுதிகளை இரு அரசுகளும் பறவைகள் சரணாலயமாக அறிவித்திருக்கின்றன. காலையில் போகிறவர் சூரியன் தம் முதுகுப்பக்கம் இருக்கும்படி கிழக்குக் கரையில் நிற்க வேண்டும். மாலையில் மேற்குக் கரை. எளிய செய்திதான், ஆனால் இதைக் கவனிக்காதவர்கள் எல்லாப் பறவையையும் கறுப்பு நிழலாகவே பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். பாகூர் ஏரியும் குறிஞ்சிப்பாடிப் பக்கத்துப் பெருமாள் ஏரியும் இதே முறையில் பார்க்கத்தக்கவை.

வீராணம் மட்டும் இந்தக் கணக்குக்குள் முழுமையாக அடங்காது. சோழர் காலத்து ஏரியான அதற்குக் கீழணையிலிருந்து வடவாற்றின் வழியே கொள்ளிடத்து நீர் வருகிறது. மேட்டூர் அணை திறப்பைப் பொறுத்து உள்ளூர் மழைக்கு முன்பே அது நிரம்பிவிடக்கூடும். சென்னைக்குக் குடிநீரும் அங்கிருந்து செல்வதால் நீர்மட்டத்தைத் தாழவிடாமல் வைத்திருக்க முயல்வார்கள். ஆகவே வீராணத்தில் ஏரியை மட்டும் பார்த்துக்கொண்டிராமல், கரைக்குக் கீழேயுள்ள வயல்களையும் வாய்க்கால் ஓரங்களையும் பார்க்க வேண்டும். உழவு நடக்கும் சேற்று வயலில் டிராக்டருக்குப் பின்னால் உண்ணிக்கொக்கும் மடையானும் அரிவாள் மூக்கனும் நடந்து போகும் அந்த நேரத்தில் ஏரியைவிட வயலே அதிகம் காட்டும்.

கழுவெளி இந்தப் பகுதியின் பெரிய உவர்நீர்ப் பரப்பு. விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தாலும் புதுச்சேரியிலிருந்து போவதே எளிது. 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. மழைக்குப் பின் அதன் நீர் ஏறத்தாழ நன்னீராக இருக்கும். கோடை நெருங்க நெருங்க உப்பு ஏறும். மழைக்காலத்தை அடுத்து ஊசிவால் வாத்து, தட்டைவாயன் முதலிய வலசை வாத்துகளும், நீர் தாழ்ந்து உப்பேறிய பின் பூநாரைகளும் என இரண்டு வேறு பருவங்கள் அங்கே உண்டு. பரப்பு அகன்றது, நிழல் கிடையாது, வெயில் ஏறியதும் கானல் ஆடத் தொடங்கிவிடும். காலை ஒன்பது மணிக்கு மேல் அங்கே பைனாகுலரைக் கண்ணில் வைத்துப் பயனில்லை.

பிச்சாவரம்: படகைவிடப் பொறுமை

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே அமைந்த பிச்சாவரம் அலையாத்திக் காடு 2022இல் ராம்சார் தளமாக அறிவிக்கப்பட்டது. விடுமுறை நாள் நடுப்பகலில் அங்கே போவது சுற்றுலாவுக்கு ஏற்றது. உயிரினங்களைக் காண்பதற்கு அன்று. வேலை நாளில், படகுத்துறை திறந்தவுடன், மோட்டார் படகைத் தவிர்த்துத் துடுப்புப் படகில் போக வேண்டும். குறுகிய வாய்க்கால்களுக்குள் போகக்கூடியதும் ஓசையில்லாததும் துடுப்புப் படகுதான்.

கிளம்புவதற்கு முன் வற்றம் எப்போது என்று பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கரையில் ஏற்றவற்றத்தின் உயர வேறுபாடு சிறியது. ஆனால் தட்டையான சேற்றுநிலத்தில் ஓரடி நீர் வடிந்தாலே பெரும்பரப்பு வெளிப்பட்டுவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வற்றம் மிகுதி. அடுத்த நாள் அதே வற்றம் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தள்ளி வரும் என்பதை நினைவில் வைத்தால் அட்டவணை இல்லாமலேயே ஒரு வாரத்துக்குத் திட்டமிடலாம். உள்ளூர்ப் படகோட்டிகளைக் கேட்பது இதைவிடவும் நம்பகமானது. எந்த வாய்க்காலில் எந்த நேரம் சேறு தெரியும் என்பது அவர்களுக்குக் கைப்பாடம்.

வற்றத்தின்போது ஒரு சேற்றுத் திட்டுக்கு அருகே படகை நிறுத்தச் சொல்லிப் பத்து நிமிடம் அசையாமல் இருங்கள். முதலில் வெறும் ஓட்டைகள் தவிர ஒன்றும் தெரியாது. பிறகு ஓட்டை வாயில் கண்காம்புகள் எட்டிப் பார்க்கும். அடுத்து, ஒரு கொடுக்கு மட்டும் உடம்பளவு பெரிதாக வளர்ந்த ஆண் நண்டுகள் வெளியே வந்து அந்தக் கொடுக்கை உயர்த்தி அசைக்கத் தொடங்கும். பெண் நண்டுக்குக் கொடுக்குகள் இரண்டும் சிறியவை. அவற்றால் மாறி மாறிச் சேற்றை அள்ளி வாயில் இட்டு, அதிலுள்ள சத்தை மட்டும் வடித்துக்கொண்டு, எஞ்சியதைச் சின்னஞ்சிறு உருண்டைகளாகக் கீழே போட்டுவிடும். ஆணுக்கு உண்பதற்கு ஒரு கொடுக்குதான் பயன்படும். நண்டுகளுக்கு நடுவே சேற்றில் தத்தும் மீன்களையும் காணலாம். தோலை ஈரமாக வைத்திருக்கும் வரை அவை காற்றிலிருந்தே மூச்சுவாங்கிக்கொள்ளும். படகில் ஒருவர் எழுந்து கையை நீட்டினால் போதும், எல்லாம் ஒரே நொடியில் ஓட்டைக்குள் போய்விடும். மறுபடியும் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டியதுதான்.

மரங்களைப் பிரித்தறிய வேர்களைப் பாருங்கள். வளைந்து இறங்கும் முட்டுவேர்கள் இருந்தால் சுரபுன்னை. சேற்றிலிருந்து விரல் நீளத்துக்கு மேல்நோக்கி நிற்கும் மூச்சுவேர்கள் இருந்தால் வெண்கண்டல். வெண்கண்டல் இலையைக் கிள்ளாமல் கிளையோடு வளைத்து வெயிலில் பார்த்தால் உப்புப் பரல்கள் மின்னும். வேர் வழியே ஏறிய உப்பை அந்த மரம் இலை வழியே வெளியேற்றுகிறது. தில்லை மரத்தை மட்டும் தொடவே வேண்டாம். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த அந்த மரத்தின் பால் தோலில் பட்டால் கொப்புளம் எழும், கண்ணில் பட்டால் பார்வையைப் பாதிக்கும்.

போகும் வழியில் நேர்கோடாக வெட்டப்பட்ட வாய்க்கால்களும், அவற்றிலிருந்து சாய்வாகப் பிரியும் கிளை வாய்க்கால்களும் கண்ணில் படும். முன்காலத்தில் மரங்களை மொத்தமாக வெட்டியதால் நிலம் உள்வாங்கி, தேங்கிய நீர் வெயிலில் வற்றி உப்பு மிகுந்து, அங்கே கன்று முளைக்காமல் போனது. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வனத்துறையோடும் ஊர்மக்களோடும் சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, ஏற்றவற்ற நீர் உள்ளே வந்துபோகச் செய்தது. இன்று அந்த ஓரங்களில் நெருக்கமாக நிற்கும் மரங்களில் பல அந்த வேலைக்குப் பிறகு வந்தவை. வாய்க்கால் ஓரங்களில் மீன்கொத்திகளையும் குருட்டுக்கொக்கு என்று சிலர் சொல்லும் மடையானையும் தேடுங்கள்.

மணற்கரை: ஆமை பார்ப்பவர் செய்யக்கூடாதவை

பங்குனி ஆமைகள் ஜனவரி முதல் மார்ச் வரை, சில ஆண்டுகளில் ஏப்ரலிலும், இரவில் கரையேறி முட்டையிடும். தனியாகப் போய் டார்ச் அடித்துத் தேடுவது தவறு. வனத்துறையினரும் தன்னார்வலர்களும் இரவில் கரையோரம் நடந்து, முட்டைகளை எடுத்துப் பொரிப்பகங்களில் புதைப்பார்கள். அவர்களோடு அனுமதி பெற்றுச் சேர்ந்துகொள்வதே முறை.

ஆமை கரையேறும்போது சிறு வெளிச்சம் கண்டாலும் திரும்பிவிடும். குழி தோண்டி முட்டையிடத் தொடங்கிய பிறகே அருகில் போகலாம், அதுவும் பின்பக்கமாக, ஒளியில்லாமல் அல்லது மங்கலான சிவப்பு விளக்கோடு. ஒரு குழியில் நூறு முட்டை அளவுக்கு இருக்கும். 45 முதல் 60 நாட்களில் குஞ்சுகள் வெளிவரும். மணலின் வெப்பமே குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்கிறது. சூடு கூடினால் பெண் குஞ்சுகள் மிகும். குஞ்சுகள் வெளிச்சமான திசையைக் கடல் என்று எண்ணி நகர்வதால், கரையோர விடுதி விளக்குகளும் படம் எடுப்பவர்களின் ஃபிளாஷும் அவற்றைச் சாலைப் பக்கம் இழுத்துவிடுகின்றன.

இரவில் போக முடியாதவர்கள் விடியற்காலையில் தடத்தைப் படிக்கலாம். கடலிலிருந்து ஏறி, மேலே கலைந்த மணலைச் சுற்றி, மீண்டும் கடலுக்கு இறங்கும் அகன்ற தடம் அது. இடப்பக்கத் துடுப்புக் குறியும் வலப்பக்கத் துடுப்புக் குறியும் நேருக்கு நேராக இல்லாமல் மாறி மாறி விழுந்திருந்தால் பங்குனி ஆமை. இணை இணையாக விழுந்திருந்தால் பேராமை. அதிகாலை மணலில் குழி நண்டுகளின் ஓட்டமும் நாய்களின் காலடியும் அந்தத் தடத்தை நோக்கிப் போகிறதா என்று பாருங்கள்; போனால் முட்டைக்குழி கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது என்று பொருள், உடனே வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். இறந்த ஆமை ஒதுங்கியிருந்தால் ஓட்டின் நீளத்தை அளந்து, நாள், இடம், படம் ஆகியவற்றோடு வனச்சரக அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். மூச்சுவாங்க மேலே வர முடியாமல் இழுவலையில் சிக்கி இறப்பவை ஏராளம் என்பதால் இந்தப் பதிவுகள் பயனற்றவை அல்ல.

கோயில் காடு

மழை சில மாதங்களுக்குள் முடிந்துவிடும் இந்தக் கரையில், ஆண்டு முழுதும் இலை உதிர்க்காமல் நிற்கும் குட்டையான காடு ஒன்று ஒரு காலத்தில் பரந்திருந்தது. உலர் பசுமைமாறாக் காடு எனப்படும் அது இப்போது பெரும்பாலும் அய்யனார், அம்மன் கோயில்களைச் சுற்றித் துண்டுகளாகவே மிஞ்சியிருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்கு வடக்கேயுள்ள கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடு அவற்றில் அறியப்பட்டது. காயா, வீரை, கருங்காலி, உலக்கைப்பாலை, நாவல், எட்டி ஆகியவை அங்கு நிற்கும் மரவகைகள். திருமாலின் நிறத்துக்குச் சொல்லப்படும் காயாம்பூவைப் பாட்டில் மட்டும் கேட்டவர்கள், பூக்கும் காலத்தில் கிளையோடு ஒட்டி நீலமாய் அடர்ந்திருக்கும் அதை இங்கே கண்ணால் பார்க்கலாம். ஆரோவில்லில் 1968க்குப் பிறகு வளர்க்கப்பட்ட காடுகளிலும் இந்த மரங்கள் மீண்டும் இடம்பிடித்திருக்கின்றன.

கோயில் காட்டில் பூசாரியிடம் சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்ற வேண்டிய எல்லையைக் கேட்டுக்கொண்டு நுழையுங்கள். உள்ளே நடப்பதைவிட ஓரிடத்தில் உட்காருவதே பலன் தரும். தவிட்டுக்குருவிகளும் கரிச்சானும் ஒரு புதரைச் சுற்றி விடாமல் கத்தினால் அங்கே ஆந்தையோ பாம்போ இருக்கும். பாறை மேலும் பாதை நடுவிலும் பழக்கொட்டைகள் நிறைந்த எச்சம் கிடந்தால் மரநாய் இரவில் வந்து போயிருக்கிறது. அந்தக் கொட்டைகளை உடைத்துப் பார்க்காமல் எந்த மரத்தின் விதை என்று மட்டும் பாருங்கள். அவற்றில் பல முளைக்கும்.

அக்டோபர் முதல் ஏப்ரல் வரை ஆறுமணிக்குருவி இங்கே தங்கும். ஒன்பது நிறம் கொண்ட பறவை என்றாலும் தரைச் சருகில் இரை தேடுவதால் கண்ணில் படாது. விடியும் வேளையிலும் அந்தி வேளையிலும் எழும் இரட்டை விசில்தான் அதன் அடையாளம். வலசை வந்து சேரும் அக்டோபர் இரவுகளில் இந்தப் பறவை ஊருக்குள் கண்ணாடிச் சன்னலில் மோதி விழுவதுண்டு. விழுந்ததைப் பார்த்தால் வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், மூச்சுக்குழலில் போய்விடும். காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து, இருட்டாகவும் அமைதியாகவும் சில மணி நேரம் வைத்திருங்கள். தெளிந்துவிட்டால் மரங்கள் அடர்ந்த இடத்தில் திறந்துவிடலாம். இறக்கை தொங்கினால் வனத்துறையிடம் ஒப்படைக்க வேண்டும்.

செம்மண் மேடு

பண்ருட்டி முந்திரித் தோப்புகளின் ஓரமும் புதர்க்காடும் பலரும் கடந்து போகிற இடங்கள். கவுதாரி, காடை, ஆள்காட்டி, பனங்காடை, முயல், கீரி, உடும்பு ஆகியவை இங்கே உண்டு. கோடைக் காலையில் சிறு கல்லின் மேல் ஏறி நின்று தொண்டைத் தோலை விசிறிபோல் விரித்துக் காட்டும் ஓணானைத் தேடிப் பாருங்கள். புதுச்சேரியிலிருந்து கிடைத்த மாதிரியைக் கொண்டு 1829இல் குவியே என்ற பிரெஞ்சு அறிஞர் விவரித்துப் பெயரிட்ட இனம் அது. நம் கவுதாரியின் அறிவியல் பெயரும் புதுச்சேரியைத்தான் சுட்டுகிறது. புதர்ப் பகுதியில் கணுக்கால் மறைக்கும் காலணி தேவை. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கும் இந்த வட்டாரத்தவை. கடிபட்டால் கட்டுப் போடுவதும் கீறுவதும் வேண்டாம். கடிபட்ட கால் அல்லது கையை அசைக்காமல் வைத்து, 108ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பதிவு

எட்டு மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர் ஒன்றும் ஒரு நோட்டும் போதும். செயலிகள் குரலைக் கேட்டுப் பெயர் சொல்லிவிடுகின்றன. ஆனால் அவை சொன்ன பெயரைக் கண்ணால் உறுதி செய்யாமல் எழுதிவிடக் கூடாது. பெயரோடும் எண்ணிக்கையோடும் மட்டும் நிறுத்தாமல் நீரின் நிலையையும் எழுதுங்கள்: கலுங்கு (மிகைநீர் வெளியேறும் வழி) வழிகிறதா, மதகுக்குக் கீழே எத்தனை படி தெரிகிறது, சேறு எந்த மரம் வரை வெளிப்பட்டிருக்கிறது, வாடைக்காற்று அடித்ததா, ஏற்றமா வற்றமா என்பன. இரண்டு பருவம் இப்படி எழுதிவைத்தவர், மதகுப் படியைப் பார்த்தே ஏரியில் எவை இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்லத் தொடங்கிவிடுவார். பதிவுகளை, பறவை பார்ப்போர் தம் குறிப்புகளைச் சேர்த்துவைக்கும் இ-பேர்ட் இணையதளத்தில் ஏற்றலாம். ஜனவரியில் பொங்கல் நாட்களையொட்டித் தமிழகம் முழுதும் நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பில் சேர்வது புதியவருக்கு நல்ல தொடக்கம். கூடுகளின் இடத்தையும் ஆமைக்குழியின் இடத்தையும் மட்டும் பொதுவில் குறிப்பிடாமல் வனச்சரக அலுவலகத்துக்கு நேரில் சொல்லுங்கள்.